யார் கணக்கில்

மண்டபம் ஐஸ் கம்பெனியில் இரவுக் கணக்கு என்னுடையது.
பார் ஒன்றுக்கு ஒரு கோடு,
நாலு நேராய், ஐந்தாவது குறுக்கே.
லாரி வராத நேரத்தில்
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
உவரன் என்றொரு மந்திரவாதியை வளர்த்து
மூன்றாம் பாகம் வரை கொண்டுவந்துவிட்டேன்.

முதலில் அவனுக்கு எல்லாம் இலவசம்.
கையைத் தூக்கினான், கடல் விலகியது.
முணுமுணுத்தான், எரிந்த நகரம் எழுந்து நின்றது.
எடைமேடைக் களஞ்சியம்
செதில் ஒட்டிய விரலால் பக்கம் தள்ளிப் படித்துவிட்டுக் கேட்டார்:
"இதெல்லாம் யார் கணக்குல எழுதுன?"

அதற்குப் பிறகுதான் விதி வந்தது.
ஒரு மந்திரத்துக்கு ஒரு சொல்.
கொடுத்ததும் அது அவன் வாயை விட்டுப் போகும்,
காதை விட்டும்.

கச்சான் காற்றை நிறுத்த 'பால்' போனது.
தோற்ற படை தப்பிக்க இருட்டை நீட்டியதில்
'செருப்பு' போனது; வெறுங்காலோடு நடந்தான்,
கேட்கத் தெரியாமல்.
ஆண் கடலின் அலையைத் தூக்கிப்
பெண் கடலில் இறக்கிய அன்று 'அக்கா'.
கரையில் நின்றவளை அவனுக்குத் தெரியும்.
கூப்பிடத்தான் ஒன்றுமில்லை.

களஞ்சியம் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார்.
"மீன்துறைக் கடுதாசியில இருக்குதே,
மேற்படி, உரிய, தக்க, பொருட்டு,
அதுகளக் குடுத்தே பத்துப் போர் ஜெயிச்சிருவானே?"
ஓட்டைதான். அடைத்தேன்:
அன்றைக்கு ஆசையாய்ச் சொன்ன சொல் மட்டுமே செல்லும்.
"அப்ப சிங்களமும் தெரிஞ்சவனுக்கு ரெட்டைச் சட்டைப்பையா?"
அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.
"சரி, படகு ஓனர் தன் சொல்லையா குடுப்பான்?
ஆள் வச்சுல்ல குடுப்பான்."
அந்த ராத்திரி தூங்கவில்லை.
காலையில் என் தலைநகரத்தில் ஒரு சந்தை திறந்திருந்தது.
சொல்லைக் கூலிக்கு விற்றவர்கள்
துறைமுகப் படிகளில் உட்கார்ந்து
வாயைத் திறந்து திறந்து மூடினார்கள்,
வலையிலிருந்து கொட்டிய சூடை மாதிரி.

வியாழக்கிழமை பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
கரண்ட் ஒன்பது மணிக்குப் போனது.
ஜெனரேட்டர் இருமியது, செத்தது, இருமியது.
அறுநூறு பார் தொட்டியில் வேர்க்கத் தொடங்கியிருந்தது.
மெக்கானிக் ரொசாரியோ உச்சிப்புளியில் கல்யாண வீட்டில்.
நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
சும்மாதான் செய்தேன்.
சிரித்துக்கொண்டே, பல்லிடுக்கில்,
அன்று காலை ஜன்னல் திறந்ததும்
ஆசையாய்ச் சொன்ன ஒன்றைச் சொன்னேன்.

பிடித்துக்கொண்டது.

டீசலில் தண்ணி, தானாய் இறங்கியிருக்கும்
என்றார் ரொசாரியோ மறுநாள்.
இருக்கலாம்.
ஆனால் அன்றிலிருந்து
இந்த ஊருக்கு இரண்டு பக்கமும் இருக்கிறதே,
படகு நிற்பது, கரிப்பது,
அதை நான் கையைக் காட்டித்தான் சொல்கிறேன்.
பதினேழாம் அத்தியாயத்தில்
உவரன் அதன் எதிரே வந்து நிற்கிறான்.
அந்த வரி அங்கே பல் விழுந்த ஈறு.

களஞ்சியம் படித்தார். காதுப் பென்சிலை எடுத்து
வெற்றிடத்தில் மூன்று எழுத்து எழுதினார்.
எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.
நாக்கில் வைத்த ஐஸ் மாதிரி
குளிர்ந்தது, அவ்வளவுதான்.

"கொஞ்சம் கூடுதலா வாங்கிட்டாங்க போல," என்றார்.
"திருப்பித் தர்றதுக்கு விதி வச்சிருக்கியா?"

வைக்கவில்லை. வைத்தால்
இரண்டாம் பாகம் முழுக்கப் பொய்யாகிவிடும்.
அக்காவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். பாலை.
வெளியே லாரி ஹாரன் அடித்தது.
எழுந்து போய்க் கோடு போட ஆரம்பித்தேன்.