கெடு தாண்டிய சீட்டு

இரட்சிக்கப்பட்டுவிட்டேன் என்றான் டம்டின்,
காலணியைக்கூடக் கழற்றாமல்,
பனி உருகி என் விரிப்பில் சொட்டச் சொட்ட.
எதிலிருந்து என்று கேட்டேன்.
யோசித்தான்.
நலைஹில் ஜனவரி மாதம்
யோசிக்கிறவன் மூச்சுகூட வெள்ளையாகத் தெரியும்,
வீட்டுக்குள்ளேயே.

டயர் கடையில் கூடுகிறது அவர்கள் சபை.
செவெல்மா என்றொருத்தி, பஞ்சர் ஒட்டுகிறவள்,
ஞாயிறு காலை ஜாக்கிகளை ஓரம் தள்ளிவிட்டு
பதினோரு பேருக்கு வேதம் வாசிக்கிறாள்.
அவள் நகக்கண் கறுப்பு
எந்த ஞானஸ்நானத்திலும் போகாது என்று
பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அங்கே என்னதான் சொன்னார்கள்?
மீட்பு, என்றான்.
அடகுக்கடை மாதிரியாம்.
உள்ளே கிடக்கிறோம், வட்டி ஏறுகிறது.
கையில் காசில்லை, இனி வரப்போவதுமில்லை.
ஒருவர் வந்து முழுதும் கட்டிவிட்டார்,
பணமாக இல்லை,
ரத்தமாக.
சீட்டைக் கிழித்தாயிற்று.

அடகுக்கடையைப் பற்றி
என்னிடமா சொல்கிறாய்?

என் அப்பா குதிரைப் பந்தயத்தில் வென்ற வெள்ளிக் கிண்ணம்.
ஐந்து வயதில் நான் கீழே போட்ட நெளிவு
அதன் விளிம்பில் இருந்தது.
போன நவம்பரில் அதை மூன்று புட்டிகளாக மாற்றிக்கொண்டு வந்தவன் நீ.
உன் கடனைக் கட்டினவர்
என் கிண்ணத்துக்கும் சேர்த்துக் கட்டினாரா?

அதற்கு டயர் கடையில் பதில் சொல்லித் தரவில்லை போலும்.
அப்போதுதான் காலணியைக் கழற்றினான்.

மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன்.
புகை பிடித்தான். ஈர நிலக்கரியைத் திட்டினான்.
பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை
பழைய வாடையோடு வந்து
கரிவாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.
செவெல்மா வந்தாள். போதிக்கவில்லை.
அடுப்புச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டினாள்.
போகும்போது சொன்னாள்:
பிறக்க ஒரு ராத்திரி போதும்,
நடக்க ஒரு வருஷம் ஆகும்.
அவள் பேச்சில் எனக்குப் பிடித்தது
இன்றுவரை அது ஒன்றுதான்.

மார்ச் கடைசியில்
மூட்டை தூக்கிய கூலியை எடுத்துக்கொண்டு
கடைக்குப் போனான்.
வெறுங்கையோடு திரும்பினான்.
சீட்டு கெடு தாண்டிவிட்டது, விற்றுவிட்டார்கள்.

அடுத்து வரப்போவது எனக்கு மனப்பாடம்.
கடைக்காரன் திருடன். முதலாளி இழுத்தடித்தான்.
குளிர். கெட்ட நேரம்.
பதினாறு வருஷமாக
அவன் வாக்கியங்களில் எழுவாய் வேறு யாரோதான்.

டம்டின் நின்றபடியே சொன்னான்:
எடுத்தது நான்.
வைத்தது நான்.
குடித்தது நான்.

அவ்வளவுதான்.
மன்னித்துவிடு என்றுகூட அவசரப்படவில்லை.
கூலியை மேசையில் வைத்தான்,
ஒவ்வொரு நோட்டிலும் கரிப் பெருவிரல்.

எதிலிருந்து என்று அன்று கேட்டேனே,
அதற்கு இது பதிலா, தெரியாது.
மன்னித்தேனா? இல்லை, அன்றைக்கு இல்லை.
அவனுடைய ஆண்டவர் ஒரேயடியாகக் கட்டியிருக்கலாம்.
எனக்குத் தவணையில்தான் முடியும்.

உப்புத் தேநீர் காய்ச்சினேன்,
தகரக் குவளைகளில் ஊற்றினேன்.
அவன் கண்ணை மூடினான்.
ஆண்டவரே, என்றான்.
பிறகு வார்த்தை வரவில்லை.
ஆண்டவரே, என்றான் மறுபடியும்,
இருட்டில் சுவரைத் தடவுகிறவன்போல.
தேநீரில் ஆடை படிந்தது.
வெளியே யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து
கிளப்பப் பார்த்து
விட்டுவிட்டார்கள்.

ஆமென் என்றேன் நான்,
ஆறிப்போகக் கூடாதே என்றுதான்.

ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான்.

குடி, என்றேன்.
அந்தச் சொல்லை அவனிடம்
பயமில்லாமல் சொல்லி
எத்தனை காலம்.