அட்டையில் இரண்டு முத்திரை

நெய்மோன் எந்தக் கதவைத் தட்டினாலும்
உள்ளே குறைந்தது ஒன்பது பேர்.
கோழி ஆலையின் இரவு ஷிப்ட் முடித்தவர்கள்
தரையில் தூங்குகிறார்கள்.
பகல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்கள்
அவர்களைத் தாண்டித் தாண்டிக் காலணி தேடுகிறார்கள்.
ஆர்கன்சாஸில் அக்டோபர்.
தொலைக்காட்சிக்கு முன்னால் ஜெல்டன்,
பதினேழு வயது.
இடது தாடை மட்டும்
வேறு யாருடையதோ போலிருக்கிறது.

“யாக்வே” என்று சொல்லிவிட்டு
படிவத்தை எடுக்கிறாள்.
கேட்கும் முன்பே அம்மா லிபோன்
அட்டையை நீட்டுகிறாள்:
ஒரு வயதில் ஒன்று,
பள்ளியில் சேரும்போது ஒன்று.
பிளாஸ்டிக் உறைக்குள்
பாஸ்போர்ட்டோடு படுத்திருந்த அட்டை.

“கடையில் ஒருத்தி
தள்ளுவண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.
ஊசி போடாத கூட்டம் என்றாள்.
போட்டிருக்கிறோமே.
அப்புறம் ஏன்?”

அலுவலகம் கொடுத்த துண்டறிக்கையில்
அந்த ஏனுக்கு இரண்டே வரி.
நெய்மோன் தன் போக்கில் தொடங்குகிறாள்:

ஊரே குடை பிடித்த மழைநாளில்
நனைந்து வருகிறவன் கையிலும்
குடைதான் இருக்கும்.
நனையாமல் வீடு சேர்ந்தவர்களை
யாரும் எண்ணுவதில்லை.

“என் மகன் நனைந்துவிட்டான்”
என்கிறாள் லிபோன்.

சரிதான்.
ஆனாலும் சொல்கிறாள்.
நூறு பேருக்குப் போட்டால்
பத்துப் பன்னிரண்டு பேரிடம் நிற்காது.
நின்றவர்களிடமும்
வருஷம் ஏற ஏற உடம்பு மறக்கும்,
ஆறு வயதில் பார்த்த முகத்தைப்
பதினேழில் தெருவில் கண்டு தடுமாறுவதுபோல.
ஊசிக்குள் இருப்பது
அறுபதுகளில் ஒரு சிறுமியின் தொண்டையில் எடுத்தது.
இப்போது சுற்றுவது
அதன் தூரத்துச் சொந்தம்.
அப்புறம்...
நிறுத்துகிறாள்.
அடுத்த காரணம் இந்த அறை.

ஒரு தட்டில் ஐந்து கை.
ஒரே கோலா பாட்டில், வாய்மாற்றி வாய்.
ஞாயிறு தேவாலயத்தில் தோள் உரசப் பாட்டு.
ஆலையின் இரைச்சலில்
காதோரம் வந்து கத்தினால்தான் கேட்கும்.
தூறலைத் தாங்கும் குடைதான்,
குடம் குடமாய்க் கொட்டினால்?
நெருங்கி வாழ்வதே காரணம் என்று
எந்த வாயால் சொல்ல?
மூன்று சம்பளம் சேர்ந்தால்தான் வாடகை என்பதற்குப்
படிவத்தில் கட்டமில்லை.

பொன்னுக்கு வீங்கி என்கிறோம் நாம் இதை.
பொன்னுக்கு ஏங்கி வீங்குமாம்,
கழுத்தில் சங்கிலி போட்டால் வடியுமாம்.
இந்த வீட்டில் பொன்னில்லை.
மணிக்குப் பதினோரு டாலருக்கு வீங்கிய
விரல் முட்டிகள் உண்டு.

நெய்மோனின் அப்பாவோடு பேச
வலப்பக்கம் போய் உட்கார வேண்டும்.
எட்டு வயதில், தீவில்,
இதே வீக்கம்.
அப்போது அட்டையே கிடையாது.
அதை அவள் சொல்லவில்லை.
பையனுக்குப் பின்னால் குனிந்து
இடது காதருகே
இரண்டு விரலை மெல்ல உரசுகிறாள்.

“என்ன?” என்று
எரிச்சலோடு திரும்புகிறான்.

எழுதிக்கொள்கிறாள்.
ஐந்து நாள் வீட்டில்.
தனித் தட்டு, முடிந்தால் தனி மூலை.
சனிக்கிழமை தேவாலயத்தின் பின்கூடத்தில்
மூன்றாவது ஊசி.

“யாருக்கெல்லாம்?”

எல்லோருக்கும்.

லிபோன் விரல்விட்டு எண்ணுகிறாள்,
ஒருத்தரை இரண்டு முறை,
மறுபடி முதலிலிருந்து.
தரையில் போர்வைக்குள்ளிருந்து
கண் திறக்காமலே
ஒரு கை உயர்கிறது.