ஒற்றை விசில்

ஒரு விசில் அடித்தால் நிற்கணும்.
இரண்டு அடித்தால் கிளம்பலாம்.
காரைக்குடி – தேவகோட்டை வண்டியில் இருபத்தாறு வருஷம்;
எனக்குத் தெரிந்த இலக்கணம் இவ்வளவுதான்.

தலைமாட்டுப் பெட்டி
துடிப்புக்கு ஒரு விசில் அடிக்கிறது.
நில்.
நில்.
நில்.
எந்த ஊரில் இறங்கச் சொல்கிறதென்று தெரியாமல்
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
விடியும்வரை கிடக்கிறேன்.

போன தையில் மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள்.
அதற்கு மஞ்சள் பையில் ஒரு ஃபைல் உண்டு,
எதைத் தின்னலாம், எத்தனை படி ஏறலாம், எல்லாம்.
இந்தக் கிருமிக்கு அப்படி ஒன்றும் தரவில்லை.
நெஞ்சு இறுகும்போது
அது அடைப்பா சளியா வெறும் பயமா?
"பிரிச்சுச் சொல்லுங்க இருதயராஜ்" என்கிறார் டாக்டர்.
என்னிடம் இருப்பது ஒரே நோட்டு சார்,
சில்லறை இல்லை.

(பெயரைச் சொல்லும்போது
முகக்கவசத்துக்குள் சிரிக்கிறாரோ என்று ஒரு சந்தேகம்.)

ஜன்னலுக்கு வெளியே ரோடு மட்டும் கிடக்கிறது.
ஐந்துவிளக்குப் பக்கமிருந்து ஒரு ஹார்ன் கூட இல்லை.

பதினோராம் கட்டிலும் ஏழாம் கட்டிலும் காலியானபோது
நான் அழவில்லை.
பதினாலாம் கட்டில் வயிரவன், சிமெண்டுக் கடைக்காரர்,
வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைத் தேடிப் போட்டு,
"வர்றேன் கண்டக்டரே" என்று நடந்து போனார்.
அன்றைக்குத்தான்
போர்வையை வாயில் கடித்துக்கொண்டு அழுதேன்.
இதை லூர்துமேரியிடம் போனில் சொல்லவில்லை.
இட்லி நல்லா இருக்கு என்றேன்.

அட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.
போன இரண்டு வாரத்தில்
எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமில்லாமல்,
ஒருநாளுமில்லை, சில நாள், பாதிக்கு மேல், தினமும்.
நாலு ஸ்டேஜ், நாலு கட்டணம்.
எல்லாவற்றுக்கும் குறைந்த டிக்கெட்டையே கேட்டேன்.
கடைசிக் கேள்வியில்
செத்திருந்தால் தேவலை என்று தோன்றியதா என்றாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

டிக்கெட் எடுக்காதவன்தான் ஜன்னலைப் பார்ப்பான்.
எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன் அதை வைத்து!

அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
எழுதாமல் நின்றாள்,
சந்தைநாளில் கடைசி மூட்டை ஏறும்வரை
டிரைவர் பொறுக்கிற மாதிரி.
"தினமும்" என்றேன்.
அட்டையில் முதலிலிருந்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு
மறுபடி கேட்க ஆரம்பித்தாள்.

அன்று ராத்திரி ஒரு புது மாத்திரை,
நாக்கில் கசப்பு, பாதித் தூக்கம்.
மூன்று மணிக்கு நர்ஸ் வந்தாள்,
முதுகில் ஸ்கெட்ச் பேனாவில் அழகுமீனாள்.
இந்த உடுப்புக்கு மேல் காதில் எதையும் மாட்ட முடியாது என்று
ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்து என் காதில் மாட்டினாள்.
வட்டத்தை என் நெஞ்சில் வைத்து
"நீங்களே கேளுங்கண்ணே. ராத்திரியெல்லாம் அந்த மிஷினையே
பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

இரண்டு.
ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து,
நடுவில் மூச்சுவிடுகிற அளவு இடைவெளி.
மறுபடி இரண்டு.

"கேக்குதா?"

பெட்டி இன்னும் நில் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.
பயம் அதன் சீட்டை விட்டு எழவில்லை.
நான் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ரஸ்தா வந்தது, போனது.
அமராவதிபுதூர் தாண்டும்வரை
காதிலிருந்து அதைக் கழற்றித் தரவில்லை.