லால்பாக், இரண்டாவது மாடி

மான்கூர்டு தாண்டும்போதே இருட்டிவிட்டது.
வாஷி பாலத்துக் காற்று
இடப்பக்கப் பையை மட்டும் பிடித்து இழுத்தது,
கடன் கொடுத்தவனைப் போல.
பதினெட்டாம் நாள்.
சங்கரன்கோவிலிலிருந்து
ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
கேட்பவர்களிடம் அறுநூறு என்றே சொல்கிறேன்,
வழி தவறியதும் மிதித்ததுதானே.

"உனக்கு இடம் இருக்கிறது.
சைக்கிளுக்குத்தான் யோசிக்கணும்"
என்று எழுதியிருந்தாள்.

படிக்கட்டு மூன்று முறை திரும்புகிறது.
வண்டி ஒருமுறைகூடத் திரும்பவில்லை.
முதல் வளைவில் ஹேண்டில்பார் சிக்கி
ஒரு கதவு திறந்தது.
இரண்டாவதில் பெடல் கம்பியில் மாட்டி
நான்கு கதவுகள்.
பிறகு என் கையில் எதுவும் இல்லை.
ஒருவர் காலி சிலிண்டரை உருட்டினார்.
ஒரு செருப்பு ஸ்டாண்டு
யார் வீட்டுக்குள்ளோ போனது.
துளசித்தொட்டியை நகர்த்தலாமா என்று
சின்ன வாக்குவாதம்;
நகர்த்தவில்லை.
கடைசியில்,
பண்டிகைத் தோரணம் கட்டும் ஆணிகளில்
கழற்றி மாட்டிய மூக்குக்கண்ணாடிபோல்
தொங்கியது என் வண்டி.

ஒரு பையன் மணியை அடித்துப் பார்த்தான்.
பிறகு அவன் தங்கை.
பிறகு, யாரும் கவனிக்காதபோது,
சிலிண்டர்க்காரர்.

ஹேமாங்கி சாவந்த்
வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
தபால் பிரிக்கும் ஆபீஸ், இரவு ஷிப்ட்.
பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரே கட்டில்.
"ராத்திரி உன்னுது, பகல் என்னுது."
ஒரு பொம்பளை ஏன் தனியாக என்று
அவள் கேட்கவில்லை.
வழியெல்லாம் கேட்டிருந்தார்கள்.
பதில் தேய்ந்து
பின்டயர்போல் வழவழத்துவிட்டது.

எனக்குத் தெரிந்த இந்தி ஐம்பது வார்த்தை,
அதில் ஒன்று பஞ்சர்.
எந்த வழியாக வந்தாய் என்றாள்.
தும்கூர், என்றேன்.
ஐந்து ஏழு இரண்டு ஒன்று சுழி ஒன்று, என்றாள்
தலைவாரிக்கொண்டே.
தாவணகெரே.
ஐந்து ஏழு ஏழு.
பெல்காம்.
ஐந்து ஒன்பது சுழி.
கராட்.
நாலு ஒன்று ஐந்து ஒன்று ஒன்று சுழி.
இதற்கு மட்டும் சீப்பு
ஒரு நொடி நின்றது. நான் கேட்கவில்லை.
அந்த ஊர்களின் எண் எனக்குத் தெரியாது,
மேடு தெரியும், நாய் தெரியும்,
தாவணகெரேயில் தண்ணீரில்
லேசான இரும்பு ருசி.

சங்கரன்கோவில் என்றதும்
ஆறு இரண்டு ஏழு என்று தொடங்கித் தடுமாறினாள்.
ஏழு ஐந்து ஆறு, நான் முடித்தேன்.
அன்று பிழையில்லாமல் நான் பேசிய இந்தி
அந்த மூன்று எண்கள்.

மூடிய தட்டுக்கடியில் பாக்ரியும்
உடைத்த வெங்காயமும் இருந்தன.
தலையணையில் வேறொருத்தியின் ஷாம்பு வாசம்.
கண்ணை மூடினால்
சாலை இன்னும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.
கால்கள் போர்வைக்குள்
கட்டாஜ் மேட்டை மறுபடி ஏறின.

ஆறரைக்கு வந்தாள்.
விரல் நுனிகளில் முத்திரை மசி.
நான் எழுந்த சூட்டிலேயே படுத்தாள்.
நன்றிக்கு மராத்தியில் என்னவென்று
நான் தேடி முடிப்பதற்குள்
தூங்கிவிட்டாள்.

வண்டியை இறக்கும்போதுதான் பார்த்தேன்,
புதுசாய் வெள்ளையடித்த சுவரில்
செயின் இழுத்த கறுப்புக் கோடு,
ஒரு முழ நீளம்.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
இன்னும் பரவியது.
துப்பட்டா நுனியால் தேய்த்தேன்.
சிலிண்டர்க்காரர் பல்துலக்கியபடி வந்து
என் கையை விலக்கினார்.
"இருக்கட்டும் விடு.
அடுத்து யாராவது வந்தா
எவ்வளவு உயரம்னு தெரியணுமில்ல."
என் ஐம்பதில் இல்லாத வார்த்தைகள்,
ஆனாலும் புரிந்தன.

கீழே முன்டயரில் காற்று குறைந்திருந்தது.
பம்பை அந்தப் பையனிடம் கொடுத்தேன்.
ஏக், தோன், தீன் என்று எண்ணி அடித்தான்.
அவன் தங்கை வால்வைப் பிடித்துக்கொண்டாள்.
டயர் கல்லாகிவிட்டது.
போதும் என்றேன், தமிழில்.
அவன் நிறுத்தவில்லை.