பாதி டேங்கர்

பீளமேட்டு ஆய்வகத்தில் என் கடல்
இரண்டடி நீளம்.
அக்ரிலிக் பெட்டி, நீல மை கலந்த தண்ணீர்.
ஆட்டிவிட்டால் நொடிக்கு ஓர் அலை,
சொன்ன பேச்சு கேட்கும்.

தாளவாடிப் பால் வண்டி கேட்கவில்லை.
பங்குனி. மேய்ச்சல் காய்ந்து
டேங்கில் பாதிதான் பால்.
உள்ளே தடுப்பு கிடையாது,
தடுப்பு வைத்தால் மூலையில் தங்கிப் புளிக்குமாம்.
மூடியில் சென்சாரை ஒட்டிவிட்டு
பொங்கியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
என் வயதுதான் இருக்கும்.
"ரொம்புனாச் சாதுங்க. காலியாப் போனாலும் சாதுங்க.
இந்தப் பாதி இருக்குது பாருங்க..."
மீதியைச் சொல்லாமல் கியரை மாற்றினான்.

திம்பம் இறக்கம், எத்தனையாவது வளைவோ,
எதிரே கரும்பு லாரி.
மிதித்தான்.
வண்டி நின்றது.
பால் நிற்கவில்லை.

இரண்டு நொடிகூட ஆகியிருக்காது.
ஆசனூர், தலமலை, கேர்மாளம்,
விடியலில் தனித்தனிக் கேனில் வந்ததெல்லாம்
ஒரே தோளாகி
முதுகுக்குப் பின்னாலிருந்து இடித்தது.
நின்ற வண்டி ஒரு சாண் நகர்ந்தது.
லாரிக்காரன் எங்கள் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான்.

மடிக்கணினியில் அந்த இடத்தில் ஓர் உச்சி.
யாரும் எதையும் மிதிக்காத நொடியில்.
இரைச்சல், நீக்கிவிடு என்பார் வழிகாட்டி.

பண்ணாரியில் டீ.
பாதி குடித்து மேசையில் வைத்தேன்.
வைத்த பிறகும் ஆடியது.
பொங்கியண்ணன் அதைப் பார்க்கவில்லை,
டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.