பச்சை எடை

செம்மடுவில் காலையில் சாய்த்த சில்வர் ஓக்
இன்னும் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது.
அடித்துண்டில் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று,
குடித்துப் பாதியில் வைத்த சொம்பு போல.

என் வேலை தொடுவதல்ல, எழுதுவது.
மரம் எண் நாற்பத்தொன்று. சுற்றளவு மூன்றே காலடி.
மேல்கிளை தனி, நடுத்துண்டு தனி.

தீர்த்தன் மிளகுக்கொடியை விலக்கிவிட்டுத்தான் ஏறுவான்.
கொடி எஸ்டேட்டுக்கு, மரம் காண்ட்ராக்டருக்கு,
விழுகிற திசை மட்டும் தீர்த்தனுக்கு.
காப்பிச்செடி ஒன்று நசுங்கினால் நூற்றைம்பது பிடித்தம் என்பதால்
கிளைகளைக் கயிற்றில் கட்டி
தூங்குகிற பிள்ளையை இறக்குவது மாதிரி இறக்குகிறான்.
கீழே நிழல் கலைந்து
செடிகள் மேல் சில்லறை சில்லறையாய் வெயில்.

சவரிராயன் ரம்பத்தை இழுத்து உறுமவிடுவான்.
முன்வெட்டு. பிறகு சுற்றிவந்து பின்வெட்டு.
நடுவில் இரண்டு விரல் கனம் வெட்டாமல் மிச்சம்.
"அந்த ரெண்டு விரல்தாம்மா மரத்தைப் புடிச்சிப் படுக்க வெக்கிது.
அதையும் அறுத்தா அது இஷ்டத்துக்குத் திரும்பும்."
சொல்லும்போது காட்டும் கையில்
அவனுக்கே ஒரு விரல் குறைவு.

நாற்பத்தொன்றைத் துண்டு போடும்போது தீப்பொறி.
சங்கிலிப் பல் மூன்று போயிற்று.
உள்ளே முள்கம்பி:
எந்தக் காலத்து வேலியையோ மரம் மென்று விழுங்கி
மேலே பட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.
அப்படியானால் எல்லை இதுவரைதானா,
பக்கத்து எஸ்டேட் ரைட்டர் கண்ணில் பட்டால் கேட்பார்.
துண்டை என் சாக்குக்குள் போட்டுக்கொண்டேன்.
யாருக்கு நல்லது என்று யோசிக்கவில்லை.
மணி நாலு. லோடு ஏறவேண்டும்.

அம்மாப்பேட்டை சாயப்பட்டறையிலிருந்து குணசீலன் வந்திருந்தார்.
இரண்டு பிளவை எடுத்துக் காதருகே தட்டினார்.
காய்ந்த விறகு மணி போலப் பேசும்.
இது தொக்கென்றது, மாவில் விழுந்த கல்.
"பாய்லருக்கு விறகு கேட்டா தண்ணி ஏத்தறீங்களே" என்றார்.
காண்ட்ராக்டருக்கோ இன்றே ஏற்றவேண்டும்.
இன்று பத்து டன். பட்டை மேலாக அடுக்கி
ஆடி வரை காத்திருந்தால் ஏழு.
மூன்று டன் யாருக்கும் பில் போடாமல்
மலைக்கு மேலே போய்விடும்.
அவர் அதைத்தான் விற்கிறார்.
அதைத்தான் இவர் வாங்க மாட்டேன் என்கிறார்.
பேசிக்கொண்டிருக்கும்போதே ஏரிப்பக்கமிருந்து பனி இறங்கி
அடுக்கு முழுவதையும் ஒருமுறை நனைத்துவிட்டுப் போனது.
இருவரும் அதை ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் டன்னுக்கு நானூறு குறைத்து, ஏற்றியாயிற்று.
மேலே எஸ்டேட் மேடையில் நான் எழுதிய எடை.
இருபது கொண்டை ஊசிக்குக் கீழே
அடிவாரத்து மேடை காட்டிய எடை.
நூற்று முப்பது கிலோ காணோம்.
டீசல் எரிந்ததைக் கழித்தார்கள்.
பதினான்காவது வளைவில் இறங்கி
மாமியார் வீட்டுக்குப் போன கிளீனரைக் கழித்தார்கள்.
அப்புறமும் அறுபத்தைந்து.
யார் எடுத்தது என்று என்னைப் போனில் கேட்டார்கள்.
சேலம் வெயில் என்றேன்.
கிண்டலா என்றார்கள்.
மேலே பனி, கீழே நூற்றிரண்டு டிகிரி,
வேறென்ன சொல்வது,
கையெழுத்து என்னுடையது.
சம்பளத்தில் இருநூறு குறைந்தது.

முள்கம்பித் துண்டு
வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க அண்டைக்கட்டை.
எங்களுக்குக் கேஸ் அடுப்பு, விறகு தேவையில்லை.
ஆடியில் அது நெடுக வெடித்தது.
ராத்திரி ஒரு சத்தம், எலி என்று எழுந்து பார்த்தேன்.
பிளவுக்குள் கம்பி தளர்ந்து
விரலால் இழுத்தால் வரும்போல் ஆடுகிறது.
கம்பி சுருங்கவில்லை.
மரம்தான் விட்டுவிட்டது.

இழுக்கவில்லை.
காலால் தள்ளி மறுபடி கதவுக்கு அணைத்தேன்.
முன்பைவிட லேசாக நகர்ந்தது.
எவ்வளவு லேசு என்று
எங்கும் எழுதவில்லை.