நூறு பார்வைப்புலம்

எட்டரைக்கு மின்சாரம் நின்றால்
நுணுக்குக்காட்டியின் விளக்கைப் போடுவேன்.
போனால் அடியிலிருக்கும் கண்ணாடியைத் திருப்பி
யன்னலால் விழும் மல்லாவி வெயிலைப் பிடிப்பேன்.
ஒரு சொட்டு எண்ணெய்.
ஒரு கண்ணாடித் தகடு,
அதில் உளுந்தளவு இரத்தம்
ஊதாவில் தோய்ந்து காய்ந்து கிடக்கும்.

ஒரு தகட்டுக்கு நூறு புலம்.
இடமிருந்து வலம், கொஞ்சம் கீழே, வலமிருந்து இடம்,
வயல் வரம்பில் லான்ட்மாஸ்டர் திரும்புகிற மாதிரி.
தேடுவது ஒரு மோதிரம்:
நூலளவு நீல வளையம், ஒரு பக்கத்தில் சிவப்புக் கல்.
ஒன்பது வருசமாய்த் தேடுகிறேன்.
ஒருநாளும் கிடைத்ததில்லை.

துணுக்காயில் ஒரு கலியாணம்.
பக்கத்து இலைக்காரர் பாயசத்தை வழித்தபடி கேட்டார்:
"மலேரியாதான் நாட்டிலயே இல்லையாமே,
பிறகென்னத்துக்குப் பிள்ளை உமக்குச் சம்பளம்?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
அந்தக் கிழமைதான்
இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன்.
சீனி, கொழுப்பு, எதையாவது பார்க்கிற இடம்.
நோய் இருக்கிற இடம்.

தொண்ணூற்றாறில், ஸ்கந்தபுரத்தில்,
தறப்பாளுக்குக் கீழே
ஒருநாள் விட்டு ஒருநாள் பல்லுக்கிட்டி நடுங்கினேன்.
குளிசையின் கைப்பு காதுக்குள் இரைந்தது.
பாதியாய் வெட்டித்தான் தந்தார்கள்,
மற்றப் பாதி அடுத்த பாயில் கிடந்தவருக்கு.
என் விரலிலும் யாரோ குத்தினார்கள்.
யாரோ ஒருவர், எந்த வெளிச்சத்திலோ,
என் இரத்தத்தைக் குனிந்து பார்த்திருக்கிறார்.
அவருக்கு மோதிரங்கள் எண்ணி முடிந்திராது.

சித்திரையில் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்தது,
என் கண்ணைச் சோதிக்க.
பத்துத் தகடு. எதில் இருக்கிறதென்று சொல்லமாட்டார்கள்.
ஏழாவதில், அறுபத்து மூன்றாம் புலத்தில்,
இருந்தது.
கதிரை விழ எழும்பிவிட்டேன்.
"டெனீசியஸ், ஓடி வாரும், வந்து பாரும்!"
அவன் ஒற்றைக்கண்ணால் பார்த்தான்.
"வடிவாத்தான் இருக்கு" என்றான்.
பிறகு, "ஆற்றையாம்?" என்றான்.
தகட்டில் பெயர் இல்லை, ஒரு இலக்கம் மட்டும்.
எந்த நாட்டிலோ ஒரு காய்ச்சல்காரர்.
நான் துள்ளினது அவருடைய நடுக்கத்துக்கு.
மெல்லக் கதிரையை நிமிர்த்தி வைத்தேன்.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில்
ஒரு நாளைக்கு இருபது முப்பது தரம்
'இல்லை' என்று எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தில் அது பழகின சொல்.
கச்சேரி யன்னலில், முகாம் வாசலில்,
விசாரிக்க வந்தவர்களின் மேசையில்
படத்தை நீட்டிய தாய்மாருக்கு
பட்டியலைப் புரட்டாமலே சொன்னார்கள்.

நான் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இடமாற்றக் கடிதம் வந்து மூன்று கிழமை.
லாச்சிக்குள் கிடக்கிறது, மேலே பஞ்சு டப்பா.
யோசிக்கவேண்டும்.
சம்பளம் அங்கே கொஞ்சம் கூட.

டெனீசியஸ் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டுகிறான்,
ஐயன்கன்குளத்துப் புழுதி புருவம் வரைக்கும்.
"ஒரு பெடியன், அக்கா, ஊசியைக் கண்டிட்டு
மாமரத்தில ஏறிட்டான்.
இறங்குமட்டும் கீழயே நிண்டனான்."
பெட்டியைத் திறந்து அந்தத் தகட்டை முதலில் எடுத்து வைக்கிறான்.

யதுர்சன். ஆறு வயது. நாலு நாள் காய்ச்சல்.

எண்ணெய் விடுகிறேன்.
பத்து. இருபத்தைந்து. நாற்பது.
ஐம்பத்தெட்டில் மின்சாரம் போகிறது.
கண்ணாடியைத் திருப்பி வெயிலைத் தேடுவதற்குள்
கணக்கு விட்டுப்போயிற்று.
ஐம்பத்தெட்டா, ஐம்பத்தாறா.

ஒன்று.